ஊழியக் குடும்பத்தின் சமையலறையில் பீங்கான் கேண்டில் வடிகட்டி: ஒரு மதிப்பீடு

வெப்பமண்டல நாடொன்றில் குடும்பத்தோடு ஊழியம் செய்யப் புறப்படுகிறவர்கள், வீட்டுச் சாமான்களில் எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும், எதை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்கும்போது, நான் முதலில் சொல்வது பீங்கான் கேண்டில் பொருத்திய இரண்டடுக்கு ஸ்டீல் தண்ணீர் வடிகட்டியைத்தான். கொசுவலையை மட்டும் அதற்குச் சமமாக வைப்பேன். இவ்வகை வடிகட்டியைப் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் செய்கின்றன என்பதால், நான் எழுதுவது ஒரு நிறுவனத்தின் தயாரிப்பைப் பற்றியதல்ல. மின்சாரம் இல்லாமல், குழாயின் அழுத்தம் இல்லாமல், தண்ணீரின் எடையால் மட்டுமே இயங்கும் இந்தச் சாதனம் ஒரு மிஷனரி வீட்டின் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு தூரம் உழைக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைப் பற்றியது.

அமைப்பு மிக எளியது. ஒன்றின்மேல் ஒன்றாக அமரும் இரண்டு பாத்திரங்கள். மேல் பாத்திரத்தின் அடியில் உள்ள துளைகளில் இரண்டு அல்லது மூன்று கேண்டில்கள் நட்டும் வாஷரும் கொண்டு முடுக்கப்பட்டிருக்கும். கேண்டில் என்பது உள்ளே வெற்றிடம் உள்ள, மெருகு பூசாத பீங்கான் குழல். மேலே ஊற்றிய தண்ணீர் அதன் சுவரை வெளியிலிருந்து உள்ளே ஊடுருவி, சொட்டுச்சொட்டாகக் கீழ்ப் பாத்திரத்தில் சேர்கிறது. நல்ல கேண்டில்களின் நுண்துளைகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவானவை. காலராக் கிருமி ஏறத்தாழ 2 மைக்ரான் நீளமுள்ளது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி உறைக்குள் அடங்கிய நிலையில் இருக்கும் கூடுகள் 8 முதல் 12 மைக்ரான் வரை இருக்கும். அமீபாவின் கூடுகள் அதைவிடவும் பெரியவை. ஆகவே இவை பீங்கான் சுவரைத் தாண்டுவதில்லை. பல கேண்டில்களில் வெள்ளி கலந்திருப்பது, தடுக்கப்பட்ட கிருமிகள் சுவருக்குள்ளேயே பெருகிவிடாமல் இருப்பதற்காக.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதும் என் நம்பிக்கைக்கு ஒரு காரணம். 1884-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் சேம்பர்லாந்து பீங்கான் குழலைக் கொண்டு கிருமிகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பெர்கெஃபெல்ட் டயட்டம் மண்ணால் (நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண்) ஆன கேண்டில்களைக் கொண்டுவந்தார். 1892-இல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவி 8,000-க்கும் அதிகமானோர் இறந்தபோது, அதே எல்பே ஆற்றில், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு தண்ணீர் எடுத்த பக்கத்து நகரமான அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஹாம்பர்க் ஆற்றுநீரை வடிகட்டாமல் வழங்கியது, அல்டோனா மணற்படுகையில் வடிகட்டி வழங்கியது என்பதுதான் இரண்டுக்கும் இருந்த வேறுபாடு. அந்த அறிவு கிடைப்பதற்கு முன்பே கடல் கடந்தவர்களின் குடும்பங்கள் கொடுத்த விலையை நாம் அறிவோம். இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் மகன் பீட்டர் 5 வயதில், 1794-இல், வங்காளத்தில் சீதபேதியால் இறந்தான். அந்தத் துயரத்திலிருந்து தாய் டாரதியின் மனம் மீளவே இல்லை. மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1873-இல் ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் இறந்தபோதும் அவரை வாட்டிக்கொண்டிருந்தது சீதபேதிதான். அவர்களுடைய நாட்குறிப்புகளை வாசிக்கும் எவருக்கும், சமையலறையின் ஓரத்தில் நிற்கும் ஒரு சாதாரணப் பாத்திரம் எவ்வளவு பெரிய கொடை என்பது புரியும்.

ஒரு நாள் முழுவதும் இந்த வடிகட்டி என்னென்ன வேலைக்குத் தேவைப்படுகிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் அளவை முடிவு செய்வதற்கு அதுதான் முக்கியம். வெப்பமான நாட்டில் வெளியே நடமாடும் ஒருவர் குடிப்பதற்கு மட்டுமே நாள் ஒன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். பல் துலக்குவதற்குக் குளியலறையில் ஒரு பாட்டில் வைக்க வேண்டும். பிள்ளைகள் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்துப் பழகிவிட்டால் மற்ற எச்சரிக்கைகள் அனைத்தும் வீணாகிவிடும். பால் பவுடர் கரைப்பதற்கும், சமைக்காமல் உண்ணும் காய்களையும் பழங்களையும் கடைசியாக ஒருமுறை அலசுவதற்கும், பனிக்கட்டி உறைய வைப்பதற்கும் அதே தண்ணீர்தான். காலையில் பிள்ளைகளின் பாடம் வீட்டிலேயே நடக்கும்போது மேசைமேல் ஒரு கூஜா. கிராமங்களுக்குப் போகிறவரின் பையில் இரண்டு பாட்டில். மாலையில் மொழி கற்றுக்கொடுக்க வருகிறவருக்கு ஒரு தம்ளர். இருட்டிய பிறகு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர். யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டுவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும்; உப்பையும் சர்க்கரையையும் தேடிப்போக வேண்டியதில்லை, சுத்தமான தண்ணீர்தான் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு, விருந்தினர்களையும் சேர்த்து, நாள் ஒன்றுக்கு இருபது லிட்டரை ஒட்டிய அளவு ஆகிவிடுகிறது. இரண்டு கேண்டில் உள்ள சிறிய வடிகட்டி இதற்குத் திணறும். மூன்று அல்லது நான்கு கேண்டில் பொருத்தக்கூடிய பெரிய பாத்திரத்தை வாங்குவதே நல்லது. துளைகளில் ஒன்றை அடைப்பானால் மூடிவைத்து, தேவை கூடும்போது கேண்டில் சேர்த்துக்கொள்ளலாம். மேல் பாத்திரம் நிறைந்திருக்கும்போது தண்ணீரின் எடை அதிகமாக இருப்பதால் வேகமாக வடியும். மட்டம் குறையக் குறையச் சொட்டும் மெதுவாகும். அதனால் பாதி குறைந்தவுடன் மீண்டும் நிரப்புவதும், இரவு உணவுக்குப் பிறகு விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டு உறங்கப் போவதும் மிக நல்ல பழக்கங்கள். எங்கள் வீட்டில் இரவில் நிரப்புவது பிள்ளைகளின் பொறுப்பு. தங்கள் உடல்நலம் எதைச் சார்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு நேரடியாகக் கற்றுக்கொடுத்த வேறு வீட்டு வேலையை நான் பார்த்ததில்லை.

மின்சாரத்தில் இயங்கும் சாதனங்களோடு ஒப்பிடும்போது இதன் மேன்மை தெளிவாகத் தெரிகிறது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. சாதனத்துக்கு மின்சாரமும் அழுத்தமும் வேண்டும். உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியேற்றுகிறது. மழைநீர்த் தொட்டியை நம்பி வாழும் வீட்டில் அதை என்னால் ஏற்க முடியவில்லை. புற ஊதா விளக்கு உள்ள சாதனங்கள் தெளிந்த தண்ணீரில் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் மின்சாரம் நின்றவுடன் அவையும் நின்றுவிடுகின்றன. காய்ச்சிய தண்ணீர் உறுதியானது, எனினும் குடும்பம் முழுவதற்கும் அன்றாடம் காய்ச்ச விறகோ எரிவாயுவோ நிறைய செலவாகும், ஆறவும் நேரம் பிடிக்கும். குளோரின் மாத்திரை பயணத்துக்கு உகந்தது. அன்றாடம் அந்த வாசனையைக் குடிக்கச் சொன்னால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அதுவும் வெப்பமான நாட்டில் ஆபத்தானது. அதோடு, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினைத் தாங்கிக்கொள்ளும். 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள அதைப் பீங்கான் சுவர் தடுத்துவிடுகிறது.

இனி இதன் குறைகளுக்கு வருகிறேன். இவற்றில் முதலாவது மிகவும் கவனத்துக்குரியது, ஏனெனில் விற்பனையாளர்கள் பலர் அதை மேலோட்டமாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். வைரஸ்களைத் தடுப்பதில் பீங்கான் கேண்டிலை நம்ப முடியாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸின் அளவு ஒரு மைக்ரானின் முப்பதில் ஒரு பங்கு அளவே. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸும் நுண்துளைகளைவிட மிகச் சிறியது. மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள ஆறு, ஆழமற்ற கிணறு, வெள்ளம் புகுந்த தொட்டி ஆகியவற்றின் தண்ணீரை வடிகட்டியதோடு நிறுத்திவிடக் கூடாது. வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமான இடங்களில் மூன்று நிமிடமும் போதுமானது. கைக்குழந்தை உள்ள வீட்டில் எந்தத் தண்ணீரானாலும் குழந்தைக்கு உரியதைத் தனியாகக் காய்ச்சிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஹெபடைடிஸ் ஏ-க்கும் ரோட்டா வைரஸுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் அவற்றைப் பற்றிக் கேட்டு முடித்துவிட வேண்டும்.

தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களையும் இது நீக்குவதில்லை. உப்புச் சுவையுள்ள கடலோரக் கிணற்று நீர் வடிகட்டிய பிறகும் உப்பாகவே இருக்கும். ஆர்செனிக், ஃப்ளூரைடு, நைட்ரேட் ஆகியவை சாதாரணப் பீங்கான் சுவரைத் தாண்டி வந்துவிடும். உள்ளே கரித்தூள் அடைத்த கேண்டில்கள் குளோரின் வாசனையையும் சில இரசாயனங்களையும் குறைக்கின்றன, ஆனால் அந்தக் கரியின் ஆற்றல் சில மாதங்களில் தீர்ந்துபோகிறது. வெளிப்புறம் நன்றாக இருப்பதைப் பார்த்து உள்ளேயும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குடியேறுகிறவர்கள், அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் ஆர்செனிக்கோ ஃப்ளூரைடோ உண்டா என்பதைப் பரிசோதனை செய்து அறிந்த பிறகே இந்த வடிகட்டி போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். போதாதென்றால் மழைநீரைச் சேமித்து வடிகட்டுவது பாதுகாப்பானது.

கலங்கல் நீரும் இதன் பகை. மழைக்காலத்தில் ஆற்று நீரை அப்படியே ஊற்றினால் ஒரே நாளில் கேண்டில்களின் மேல் வழுவழுப்பான படலம் மூடி, சொட்டு நின்றுவிடும். முதலில் ஒரு பாத்திரத்தில் இரவு முழுவதும் தெளியவைத்து, மேலிருப்பதை மட்டும் மடித்த துணியில் வடித்து ஊற்ற வேண்டும். துணியில் வடிப்பதை அற்பமாக எண்ண வேண்டாம்: வங்கதேசக் கிராமங்களில் பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடித்த வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது, காலராக் கிருமி நீரில் மிதக்கும் சிற்றுயிர்களோடு ஒட்டியிருப்பதால் அவற்றோடு அதுவும் துணியில் தங்கிவிடுகிறது. துணியும் பீங்கானும் சேர்ந்து செய்யும் வேலையைப் பீங்கான் மட்டும் செய்ய வேண்டியிருந்தால் அது விரைவில் தேய்ந்துபோகும்.

தேய்மானம் என்று சொல்லக் காரணம், கேண்டிலைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அதன் மேற்பரப்பில் சிறிது உரிந்து போவதுதான். சொட்டு மெதுவாகும்போது கேண்டிலைக் கழற்றி, சுத்தமான தண்ணீரில் நனைத்து, இதற்கென்றே வைத்திருக்கும் மிருதுவான பிரஷ்ஷால் பழுப்பு நிறம் போய் வெண்மை தெரியும்வரை தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டவே வேண்டாம். அது நுண்துளைகளில் தங்கிவிடும். கேண்டிலின் கழுத்துக்குள் அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டும் புகாமல் விரலால் மூடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தப் பக்கம்தான் குடிநீர்ப் பக்கம். இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காத வீடுகளில் எவ்வளவு உயர்ந்த வடிகட்டி இருந்தும் பயன் இல்லை. சுத்தம் செய்து முடித்த பிறகு, கழுத்தில் ஒரு சிறு குழாயை இறுகப் பொருத்தி, கேண்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அந்தக் குழாய் வழியே மெல்ல ஊத வேண்டும். ஏதேனும் ஓர் இடத்திலிருந்து குமிழ்கள் சரமாகக் கிளம்பினால் அங்கே விரிசல் இருக்கிறது என்று பொருள். அத்தகைய கேண்டிலை உடனே எறிந்துவிட வேண்டும். வழக்கத்தைவிடத் திடீரென்று வேகமாக வடிந்தாலும் மகிழ்ச்சி அடைய வேண்டாம், விரிசலைத் தேட வேண்டும்.

வீட்டு வேலையில் உதவ வருகிறவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் இதன் ஒழுங்கைப் பொறுமையாக விளக்குவது வீட்டாரின் கடமை. கீழ்ப் பாத்திரம் காலியாக இருப்பதைப் பார்த்து, உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு கிணற்று நீரை நேராக அதில் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. மேலே ஊற்றியது எப்படிக் கீழே வருகிறது என்பதை ஒருமுறை கழற்றிக் காட்டினால் எவரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள், பிறகு நம்மைவிடக் கவனமாக இருக்கிறார்கள். கீழ்ப் பாத்திரத்தை வாரம் ஒருமுறை கொதிநீரால் அலச வேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வெப்ப நாட்டில் எறும்பும் பல்லியும் மட்டுமல்ல, டெங்குவைப் பரப்பும் கொசுவும் தேங்கிய தெளிந்த நீரைத் தேடி வரும்.

பொருளின் தரத்தைப் பற்றிச் சொன்னால், முதலில் பழுதாவது எப்போதும் குழாய்தான். பிளாஸ்டிக் குழாய்கள் வெப்பத்தில் இறுகி, திருகும் இடத்தில் கசியத் தொடங்கும். இரவில் சேர்ந்த தண்ணீர் முழுவதும் காலையில் தரையில் கிடக்கும். உலோகக் குழாய்க்கு மாற்றிக்கொள்வது சிறிய செலவு, பெரிய நிம்மதி. ரப்பர் வாஷர்களும் காலப்போக்கில் வெடிக்கும். சிலிகான் வாஷர்கள் நீடிக்கின்றன. ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் வாங்கிய கேண்டில்களில், பீங்கானும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய், வடிகட்டாத நீர் நேராகக் கீழே இறங்கியது. தோற்றத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஊதிப் பார்க்கும் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுத்தது. புதிய கேண்டிலையும் பொருத்துவதற்கு முன் அவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதும், முதல் சில முறை வடிந்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும் என்பதும் அதனால்தான் எங்கள் வீட்டில் விதியாயின.

எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்டீல் பாத்திரங்கள் விமானப் பெட்டியில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் அவற்றின் உள்ளே துணிகளை அடைத்துக்கொண்டால் அந்த இடம் வீணாகாது. சேர்ந்த இடத்தில் பொருத்தமான பாத்திரம் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், கேண்டில்கள், வாஷர்கள், குழாய் ஆகியவற்றை மட்டும் கொண்டுபோய், மூடியுள்ள இரண்டு வாளிகளில் துளையிட்டுப் பொருத்தியும் பயன்படுத்தலாம். பல மிஷன் வீடுகள் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் சமாளித்திருக்கின்றன. கேண்டில்களைக் கையில் எடுத்துச்செல்லும் பெட்டியில், கம்பளித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு வந்து சேரும்.

எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கலங்கல் நீரைக் குடிக்கும்போது, அவர்களுக்காக வந்திருக்கிறோம் என்று சொல்லும் நாம் மட்டும் வடிகட்டிய நீரைக் குடிப்பது எப்படி? இந்த ஸ்டீல் வடிகட்டி அதற்கு விடை ஆகாது. அதன் கேண்டில்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை, பல குடும்பங்களுக்கு எட்டாதவை. ஆனால் இதே தத்துவத்தில் உள்ளூர்க் களிமண்ணும் மரத்தூளும் சேர்த்துச் சுட்டு, வெள்ளி பூசிச் செய்யும் பானை வடிகட்டிகள் உள்ளன. குவாத்தமாலாவில் 1981-இல் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய அந்த முறை பல நாடுகளில் குயவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. களிமண்ணில் கலந்த தூள் சூளையில் எரிந்து போக, அது இருந்த இடம் நுண்துளையாகிறது. அத்தகைய பட்டறை அருகில் இருக்குமானால், மிஷனரிக் குடும்பமும் தன் ஸ்டீல் பாத்திரத்தை விட்டுவிட்டு அந்தப் பானையையே பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்வேன்: பழுதானால் மாற்றுப் பானை உள்ளூரிலேயே கிடைக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பது தாங்களும் வாங்கக்கூடிய ஒன்றாக இருக்கும். அப்படிப் பட்டறை இல்லாத இடங்களுக்கே ஸ்டீல் வடிகட்டியைப் பரிந்துரைக்கிறேன்.

விடுப்பில் தாய்நாட்டுக்குப் போகும்போது வடிகட்டியில் தண்ணீரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கேண்டில்களைத் தேய்த்துக் கழுவி, நிழலில் பல நாள் வைத்து முழுமையாக உலர்த்தி, காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தவை திரும்பி வரும்போது பூஞ்சணம் பிடித்து நாறும். பணிக்காலம் முடிந்து வீட்டை அடுத்த குடும்பத்திடம் ஒப்படைக்கிறவர்கள், பாத்திரத்தோடு புதிய கேண்டில்களின் ஒரு தொகுப்பையும், பிரஷ்ஷையும், கடைசியாகக் கேண்டில் மாற்றிய மாதத்தை எழுதிய சீட்டையும் உள்ளே வைத்துவிட்டுப் போவது நல்லது. வந்து சேரும் முதல் நாள் இரவிலேயே அவர்களுக்குக் குடிநீர் தேவைப்படும்.